கேம் பெட்டிக்குள் இருந்தவர்

மதிய நேரம். மின்சாரம் நின்று மின்விசிறி ஓய்ந்திருந்தது. சுன்னாகம் சந்தைப் பக்கமிருந்து வந்த வெங்காய வாசனை புழுக்கத்தோடு சேர்ந்து கடைக்குள்ளேயே தங்கிவிட்டிருந்தது. அப்போதுதான் ஜீவன் ஒரு விசுக்கோத்துத் தகரப் பேணியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு என் ஸ்ரூடியோவுக்குள் வந்தான்.

உள்ளே ஏதோ உறங்குவதுபோல மெதுவாக மேசையில் வைத்தான்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. இது வெடிக்காது. ஆக்களைக் கூப்பிட்டுக் காட்டிப்போட்டுத்தான் கொண்டு வாறன்."

பயப்பிடாதேங்கோ என்று யாராவது சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வரும். கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

ஜீவனின் கலியாணப் படங்களை எடுத்தவள் நான். வள்ளங்களின் இயந்திரங்களைத் திருத்துவது அவனுடைய தொழில். கீரிமலைக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய ஒரு கிராமம் அவனுடையது. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சண்டையால் ஊரை விட்டு எல்லோரும் எழும்பினார்கள். பிறகு அந்த நிலம் முழுவதும் ஆமியின் கம்பிவேலிக்குள் போய்விட்டது. அண்மையில்தான் காணியை விட்டார்கள். வீட்டில் ஓர் அறையும் முன்சுவரும் மட்டும் மிச்சம். புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட வேண்டும் என்று அந்த அறையை இடிக்கத் தொடங்கியிருந்தான்.

சுவரில் விளக்கு வைக்கிற மாடம் ஒன்று இருந்திருக்கிறது. அதை யாரோ செங்கல் வைத்து மூடியிருந்தார்கள். கல்லைத் தட்டியபோது உள்ளே தகரம் தெரிந்திருக்கிறது. எங்கள் ஊரில் சுவருக்குள் தகரம் தெரிந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து, எல்லோரையும் தூரத் தள்ளி நிறுத்திவிட்டுத் திறந்து பார்த்து, சிரித்துக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

பேணிக்குள் பொலித்தீன். அதற்குள் இன்னொரு பொலித்தீன். அதற்கும் உள்ளே, சாம்பல் நிறத்தில், இரண்டு கைகளாலும் பிடித்து விளையாடுகிற பழைய கேம் பெட்டி ஒன்று. அதன் தலையில் கோலிக்காய் அளவில் ஒரு கண்.

பட்டரிகள் பெட்டிக்குள் இல்லை. கழற்றி, பேப்பரில் தனியாகச் சுற்றி, பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. வைத்தவன் திரும்பி வந்து எடுக்கத்தான் நினைத்திருக்கிறான்.

நான் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் கை படாமலே அந்தக் கண் தன் பாரத்தில் மெல்லச் சுழன்று என் பக்கம் திரும்பி நின்றது.

தலையில் கண் வைத்த பெட்டி

ரொறன்ரோவில் இருக்கிற என் தம்பிக்கு இப்படிப்பட்ட சாமான்களில் பைத்தியம். கலியாணம் கட்டி, பிள்ளைகள் பெரிதாகியும் அந்தப் பைத்தியம் போகவில்லை. வீட்டின் நிலக்கீழ் அறை முழுக்கப் பழைய கேம் பெட்டிகளும் அவற்றில் பொருத்துகிற உருப்படிகளும்தான். திரையைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி, இருட்டில் விளையாடச் சின்ன விளக்கு, ஒட்டுத் தாளில் படம் அடிக்கிற குட்டி அச்சு இயந்திரம் என்று எல்லாம் வைத்திருக்கிறான்.

ஒருமுறை விடுமுறையில் வந்தபோது, கேம் பெட்டியோடு இணைத்துத் தண்ணீருக்குள் மீன் தேடுகிற கருவி ஒன்றையும் கொண்டு வந்தான். அதைப் பரீட்சிக்க ஒரு வள்ளத்தில் ஏறினோம். வயரின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டதும் திரையில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. வள்ளக்காரர் சிரித்துச் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று சிரிப்பை நிறுத்தினார். "தம்பி, உந்தச் சாமானை எடும். கீழை இருக்கிறதெல்லாம் மீன் இல்லை" என்றார். அந்த இடத்தில் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கரைக்குத் திரும்பினோம்.

ஜீவன் வந்த அன்று தம்பிக்கு வீடியோ அழைப்பு எடுத்துப் பேணியைக் காட்டினேன். அவன் கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, அது கமரா! அந்தக் காலத்திலை வந்தது. கண்ணைத் திருப்பினா உன்ரை முகத்தை நீயே எடுக்கலாம். செல்ஃபி எண்ட சொல்லு வரமுதலே வந்த செல்ஃபி."

"படங்கள் உள்ளுக்கை இருக்குமோ?"

"இருக்கலாம். முப்பது படம் கொள்ளும். உள்ளுக்கை ஒரு குட்டிப் பட்டரி இருக்கு, அதிலைதான் ஞாபகம் நிக்குது. அது செத்தா எல்லாம் போச்சு. ஒருத்தரையும் திறக்க விடாதை. ஆட்டாதை. முதல் வேலையா ஒவ்வொரு படத்தையும் திரையிலை வச்சு உன்ரை கமராவாலை எடு."

இன்னொன்றும் சொன்னான். அதில் தவறான இடத்தை அழுத்தினால் உருக்குலைந்த ஒரு முகம் திரையில் திடீரென்று வருமாம். செய்தவர்களே விளையாட்டுக்கு உள்ளே வைத்தது. "அது வந்தா பயந்து கீழை போட்டிடாதை" என்றான்.

செத்தவர்களின் கண்

முகங்களுக்குப் பயப்படுகிறவளாக இருந்தால் எங்கள் ஊரில் ஸ்ரூடியோ நடத்த முடியாது.

நான் எழுதும் இந்தத் தொடரை விடாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும், என் வேலையில் பாதி இல்லாதவர்களுக்குச் செய்கிற வேலை. படம் ஒன்றும் மிஞ்சாத குடும்பங்கள் இங்கே ஏராளம். ஓட்டத்தில் அல்பங்கள் போய்விட்டன. தேசிய அடையாள அட்டையில் நகம் அளவில் ஒரு முகம், யாருடையதோ கலியாணக் கூட்டத்தில் பின்வரிசையில் தெரிகிற அரை முகம், சவப்பெட்டிக்குள் எடுத்த முகம் என்று கொண்டு வருவார்கள். பெரிதாக்கித் தரச் சொல்வார்கள்.

சவப்பெட்டிப் படம் என்றால் கண்ணைத் திறக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஒரே சாயலில் இருக்கிற ஒருவரைக் கூப்பிட்டு, அவரைப் படம் எடுத்து, அந்தக் கண்ணைக் கணினியில் வெட்டி இறந்தவருக்கு வைப்பேன். மகனின் கண் தகப்பனுக்குப் போகும். தங்கையின் கண் தமக்கைக்குப் போகும். வேலை முடிந்ததும் திரையில் அந்த முகம் என்னைப் பார்க்கும். அந்த ஒரு கணத்துக்கு இத்தனை வருடங்களாகியும் நான் பழகவில்லை.

ஜீவனுடைய வீட்டில் பெரிதாக்குவதற்குக்கூட ஒன்றும் இல்லை. அவனுடைய தகப்பனுக்குப் படமே கிடையாது.

எழும்பிய அன்று, நோயாளியான தாயை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிவிட்டு, "வள்ளத்தை மேலை இழுத்துக் கட்டிப்போட்டு வாறன், நீங்கள் போங்கோ" என்று சொல்லித் திரும்பிப் போனவர்தான். பிறகு வரவில்லை. கண்டதாக யாரும் சொல்லவில்லை. உடலும் இல்லை. ஜீவனுக்கு அவருடைய முகம் ஞாபகமில்லை. "முதுகு ஞாபகம் இருக்கு அக்கா. வெறும் மேல். தோளிலை கயிறு. முகம் வருகுதில்லை" என்று கலியாணத்தின்போது என்னிடம் சொல்லியிருக்கிறான்.

சீயா

மின்சாரம் வந்தது. தொடுமுனைகளில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பைப் பஞ்சில் வினாகிரி தொட்டுத் துடைத்தேன். புதுப் பட்டரி போட்டேன். பொத்தானைத் தள்ளியதும் பச்சை படர்ந்த சின்னத் திரையில் ஒரு குட்டி இசை கிணுகிணுத்தது. ஜீவன் கைகளைக் கட்டிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்றான்.

படங்கள் இருந்தன.

அந்தக் கமராவுக்கு நிறங்கள் இல்லை. வெள்ளை, கறுப்பு, இடையில் இரண்டு சாம்பல். அவ்வளவுதான். எல்லாம் புள்ளிகளாகத் தெரியும். கிட்டப் பார்த்தால் மணல். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் மணலுக்குள்ளிருந்து உருவம் எழும்பி வரும்.

முதலில் ஒரு பெடியன். காது விரிந்த, மெலிந்த பெடியன். நாக்கை நீட்டிக்கொண்டு தன்னைத்தானே எடுத்திருந்தான். பிறகு ஒரு நாய். பிறகு சீருடையோடு இரண்டு பேர் சோறு சாப்பிடுகிறார்கள். கடல். பனை. மறுபடி நாய்.

"ஆமிப் பெடியன்" என்றான் ஜீவன். குரலில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை.

அந்தக் கமராவில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஆங்கில எழுத்தில் சின்னக் குறிப்பு எழுதலாம். நாயின் கீழே நாயின் பெயர் இருந்தது. கடலின் கீழே ஒன்றும் இல்லை.

பிறகு அறை வந்தது. ஒரு ஜன்னல், அதன் பக்கத்தில் மாடம், தரையில் விழுந்த வெளிச்சம். "எங்கடை அறை" என்றான் ஜீவன். அன்று காலையில் கடப்பாரையோடு நின்ற அதே அறை, கூரையோடு, சாந்து உதிராத சுவரோடு.

அடுத்த படத்தில் அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு கதிரை இருந்தது. கதிரையில் ஒருவர் இருந்தார்.

கீழே ஆங்கில எழுத்தில், சிங்களத்தில், ஒரு சொல். சீயா.

இடம்பெயர்ந்து போய்க் கொழும்பில் சில காலம் ஒரு ஸ்ரூடியோவில் வேலை செய்தவள் நான். அந்தளவு சிங்களம் எனக்குத் தெரியும். சீயா என்றால் தாத்தா. வயதான யாரையும் மரியாதையாக அப்படிக் கூப்பிடுவார்கள்.

அடுத்த படம். அதே அறை, அதே கதிரை, அதே உருவம். வெளிச்சம் மட்டும் வேறு. "இன்றைக்கும் சீயா" என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்ததும் அப்படியே.

பிறகு வெறும் அறை. கதிரை இல்லை. ஜன்னலும் மாடமும் மட்டும். கீழே, "சீயா இல்லை."

ஏன் வெறும் அறையை ஒருவன் படம் எடுக்க வேண்டும்?

மறுபடி கதிரை. மறுபடி அவர். இந்த முறை குறிப்பு கொஞ்சம் நீளம். சீயா கதா களா.

"என்ன அக்கா எழுதியிருக்கு?"

கதா என்ற சொல்லை அவனுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எங்களுக்கும் அது கதைதான். இருந்தாலும் சொன்னேன். "சீயா கதைச்சவர் எண்டு எழுதியிருக்கு."

கடைசிப் படத்தில் கண்ணைத் தன் பக்கம் திருப்பி அந்தப் பெடியன் தன்னை எடுத்திருந்தான். நாக்கு நீட்டவில்லை. அவனுடைய தோளுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே கதிரை. கதிரையில் இருந்தவர் பக்கவாட்டில் சாய்ந்திருந்தார், படத்துக்குள் தானும் விழ வேண்டும் என்று சாய்கிறவரைப் போல.

அதன் கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மஞ்சள் சதுரம்

"போர்வையாய் இருக்கும் அக்கா" என்றான் ஜீவன். "கதிரைக்கு மேலை போர்வையை எறிஞ்சிருப்பாங்கள். பெடியள் பகிடிக்குச் செய்திருப்பாங்கள்."

இருக்கலாம். அந்தக் கமராவுக்குப் போர்வைக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாது.

தம்பி சொன்னபடி ஒவ்வொரு படத்தையும் திரையிலிருந்து எடுத்தேன். அடுத்த நாள் காலை அவற்றைக் கணினியில் போட்டுத் திறந்தேன். நான் பாவிக்கிற மென்பொருள் முகம் எங்கே இருக்கிறது என்று தானே கண்டுபிடித்து அதைச் சுற்றி மஞ்சள் சதுரம் போடும். பரு நீக்க, பல் வெளுக்க அது வசதி.

பெடியனின் முகத்தில் சதுரம் விழுந்தது. சோறு சாப்பிட்டவர்களில் ஒருவனுக்கு விழுந்தது. கதிரையில் இருந்தவருக்கு விழுந்தது. போர்வையாக இருந்தாலும் விழும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேகத்துக்கும் ஈரச் சுவருக்கும்கூட அந்த மென்பொருள் சதுரம் போட்டதை முன்பு கண்டிருக்கிறேன்.

பிறகு வெறும் அறையைத் திறந்தேன். சீயா இல்லை என்று எழுதியிருந்த படம்.

சதுரம் கொஞ்ச நேரம் தேடியது. பிறகு மாடத்துக்குப் பக்கத்தில், நிற்கிற ஒரு மனிதனின் தலை உயரத்தில், விழுந்து நின்றது.

கடைக்கு வெளியே பஸ் நடத்துநர் யாழ்ப்பாணம், யாழ்ப்பாணம் என்று கத்திக்கொண்டிருந்தான். நல்ல வெயில். வீதி முழுக்க ஆட்கள். நான் எழும்பிப் போய் வாசலில் அவர்களுக்குள் நின்றேன்.

மாலா அக்கா

ஜீவனுக்கு ஒரு தமக்கை. மாலா அக்கா. சாவகச்சேரியில் இருக்கிறார். தகப்பனின் முகம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தாய் எப்போதோ போய்விட்டார், கடைசி வரைக்கும் நெற்றியில் பொட்டோடு. தகப்பனுக்குக் கிரியை செய்ய வேண்டும் என்று ஜீவன் பலமுறை கேட்டிருக்கிறான். மாலா அக்கா விட்டதில்லை. "செத்தவர் எண்டு உனக்கு ஆர் சொன்னது? உயிரோடை இருக்கிற மனுசனுக்கு அந்தியேட்டி செய்வியோ?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவார்.

அந்த வீட்டில் அவர்கள் இருவருக்கும் இடையில் எத்தனையோ வருடங்களாகக் கிடந்த மனத்தாங்கல் அதுதான். புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. "அவர் திரும்பி வந்தா அடையாளம் தெரிய வேண்டாமோ?" என்பாராம்.

ஆனபடியால் படங்களைக் காட்டுவதா விடுவதா என்று ஜீவன் ஒரு கிழமை யோசித்தான். காட்டாமல் விட அவனால் முடியவில்லை. அது தகப்பனா என்று அவனுக்குத் தெரிய வேண்டும். சொல்வதற்கு வேறு யாரும் இல்லை.

மாலா அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். கடைக்குள் வந்து குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, தேத்தண்ணி வேண்டாம் என்றார். சீயா என்று எழுதிய முதல் படத்தைத் தாளில் பெரிதாக அடித்து வைத்திருந்தேன். கொடுத்தேன்.

கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டக் கொண்டு வந்தார். மறுபடி தூரப் பிடித்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. உருவத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விரலைக் கதிரையின் கைப்பிடியில் வைத்தார்.

"தம்பி, இந்தக் கையைப் பார்."

சாய்மனைக் கதிரை. ஒரு கை மற்றதைவிட நீளம்.

"அது முறிஞ்சு போச்செண்டு ஐயா வள்ளத்துப் பலகையிலை புதுக் கை வச்சவர். அளவு பிழைச்சுப் போச்சு. அம்மா ஏசினவ."

"அப்ப எங்கடை கதிரைதான்" என்றான் ஜீவன். "ஆமிக்காரர் பாவிச்சிருக்கிறாங்கள்."

மாலா அக்கா தாளைக் கீழே வைத்தார்.

"உனக்கு ஞாபகம் இல்லை, நீ சின்னப் பிள்ளை. அம்மாவாலை நடக்க ஏலாமல் இருந்தது. அந்தக் கதிரையோடைதான் அவவைத் தூக்கி ஏத்தினது. ஒரு பக்கம் ஐயா, மற்றப் பக்கம் நான். போன இடமெல்லாம் அதைக் கொண்டு போனம். அம்மா அதிலைதான் கண்ணை மூடினவ. அது இப்பவும் என்ரை வீட்டு விறாந்தையிலை கிடக்கு. ஒருநாளும் திரும்பி அங்கை போகேல்லை."

மற்றப் படங்களையும் கணினியில் காட்டி, கீழே எழுதியிருந்ததையும் வாசித்துச் சொன்னேன்.

"போர்வை..." என்று ஜீவன் தொடங்கினான்.

"போர்வை கதைக்குமோ?"

"அந்தப் பெடியன் என்னத்தைக் கண்டானோ, அக்கா. தனிய இருந்தவன். மனம் பேதலிச்சிருக்கும். ஐயா கதைச்சாலும் அவனுக்கு எங்கடை பாஷை விளங்குமோ?"

"ஐயாவுக்குச் சிங்களம் நல்லாத் தெரியும்" என்றார் மாலா அக்கா. "சிலாபம், நீர்கொழும்பு எண்டு கருவாடு ஏத்திக்கொண்டு திரிஞ்ச மனுசன்."

கூரை இல்லாத அறை

அடுத்த நாள் முற்பகல் மூன்று பேருமாக அந்தக் காணிக்குப் போனோம். கேம் பெட்டிக் கமராவையும் கொண்டு வரச் சொன்னது மாலா அக்காதான்.

விடுவிக்கப்பட்ட காணிகளுக்குள் போனவர்களுக்கு அந்த அமைதி தெரியும். கிட்டத்தில் கடல் இருந்தும் சத்தம் வராது. ஒழுங்கைகள் பற்றைக்குள் தொடங்கிப் பற்றைக்குள்ளேயே முடியும். வீடுகளின் நடுவில் ஆல், வேம்பு எல்லாம் வளர்ந்து ஜன்னலால் கிளை விட்டிருக்கும். மனிதர் நடமாடாத இடத்தில் இருக்க வேண்டிய பறவைகள்கூட அங்கே குறைவு. எங்கள் செருப்புச் சத்தத்தை நாங்களே கேட்டுக்கொண்டு நடந்தோம்.

அறைக்குக் கூரை இல்லை. ஜீவன் இடித்த பக்கம் திறந்து கிடந்தது. ஜன்னல் ஓட்டையும் அதன் பக்கத்தில் மாடமும் படத்தில் கண்டபடியே இருந்தன. நான் முன்பு ஒருநாளும் வராத இடம். ஆனாலும் எங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது நல்ல உணர்வாக இல்லை.

மாலா அக்கா செருப்பை வாசற்படியில் கழற்றினார். வாசற்படி மட்டும்தான் இருந்தது, கதவு இல்லை. கமராவை வாங்கி, நான் காட்டிக் கொடுத்தபடி பிடித்து, ஜன்னலுக்குக் கீழே இருந்த மூலைக்கு நேராகக் கண்ணைத் திருப்பினார். அவ்வளவு வெயிலில் அந்தக் கமராவுக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும். அதைச் சொல்ல வாய் எடுத்தேன்.

"கொஞ்சம் இஞ்சாலை வாங்கோ ஐயா" என்றார் மாலா அக்கா. "வெயில் படுகுது."

ஜீவன் என்னைப் பார்த்தான். நான் கமராவுக்கு முன்பக்கம் நின்றேன். திரை அவருடைய பக்கம் இருந்தது. அதில் என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு எட்டு வைத்து அவருக்குப் பின்னால் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. அவருடைய கண்களை மட்டும் பார்த்தேன். திரையில் அவை இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தன, நடந்து போகிற ஒருவரைப் பார்ப்பதுபோல.

அவர் பொத்தானை அழுத்தவில்லை. அழுத்தினாலும் படம் பதிந்திராது. உள்ளே இடம் நிரம்பியிருந்தது. புதிதாக ஒன்று எடுக்க வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை அழிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தால் கமராவைப் பத்திரமாக என் கையில் தந்துவிட்டு, வாசற்படியில் இருந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் ஜீவனின் வான் வண்டிக்குள் அவர்தான் முதலில் கதைத்தார்.

"இவ்வளவு நாளும் நான் என்ன நினைச்சனான் தெரியுமோ பிள்ளை? எங்களைத் தேடி எங்கையோ அலையிறார் எண்டுதான். முகாம் முகாமாய்ப் போய் விசாரிக்கிறார், நாங்கள் இடம் மாறி மாறிப் போறதாலை பிடிக்க ஏலாமல் நிக்கிறார் எண்டு. நித்திரையிலையும் அவர் நடந்துகொண்டுதான் இருப்பார்." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "அவர் அலையேல்லை. வீட்டை வந்திட்டார். வந்து, தன்ரை கதிரையிலை இருந்திருக்கிறார்."

பிறகு ஜீவனின் பக்கம் திரும்பினார்.

"நல்ல நாள் ஒண்டு பார். செய்வம்."

ஜீவன் வானை வீதியோரத்தில் நிறுத்தினான். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். மாலா அக்கா அவனுடைய முதுகில் கையை வைத்தபடி இருந்தார். நான் இறங்கி வெளியே நின்றேன்.

மறுநாள் கமராவைத் திறந்தபோது படங்கள் இல்லை. ஒவ்வொரு கட்டமும் வெறும் வெள்ளை. உட்பட்டரி செத்துவிட்டது என்றான் ரொறன்ரோவிலிருந்து என் தம்பி. இத்தனை வருடம் தாங்கியதே பெரிய காரியமாம். ஜீவனும் அப்படித்தான் சொன்னான். மாலா அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஓம்" என்றார். ஆச்சரியப்பட்ட குரலாக இல்லை.

பிரதிகள் என்னிடம் இருந்தன. கிரியைக்கு ஒரு படம் வேண்டும் அல்லவா? எதை என்று கேட்டேன். கடைசிப் படம் என்றார். பெடியன் தன்னைத்தானே எடுத்தது. அதில்தான் ஐயாவின் முகம் திரும்பியிருக்கிறது என்றார்.

"அப்ப பெடியனை வெட்டிப்போட்டு ஐயாவை மட்டும் பெரிசாக்கிறன், அக்கா."

"வெட்டாதை" என்றார். "அப்பிடியே இருக்கட்டும்."

கீரிமலை

உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் உருவம் செய்து கிரியை நடத்துவார்கள். எங்கள் பக்கத்தில் அது செய்யாத குடும்பங்கள் குறைவு. கேணிக்குப் பக்கத்து மண்டபத்தில் புகை சுழன்றது. ஒரு பக்கம் கேணியின் நல்ல தண்ணீர், சுவருக்கு அப்பால் கடலின் உப்புத் தண்ணீர். சட்டம் போட்ட படத்தை வாழையிலைக்கு அருகில் சாத்தி வைத்திருந்தோம். அதைப் பார்த்த குருக்களின் மகன் இரண்டு தரம் கண்ணைக் கசக்கினார். கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் புள்ளி. அவர் பின்னுக்கு வந்த பிறகுதான் முகம் வந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் பூ வைத்தார்.

"தகப்பனாரை நல்லா மனதிலை நினையுங்கோ" என்றார் குருக்கள். ஜீவன் கண்ணை மூடினான். ஈர வேட்டியோடு வெகுநேரம் அப்படியே இருந்தான்.

கேணியில் மூழ்கி எழும்பி வந்தபின் என்னிடம் சொன்னான், "வந்தவர் அக்கா. புள்ளி புள்ளியாய் வந்தவர். ஆனா முகம்தான்."

எல்லாம் முடிந்து, சிவன் கோயிலுக்குப் போகும்போது மாலா அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தப் பெடியன்ரை பேர் தெரியுமோ?"

தெரியும். அந்தக் கமராவில் சொந்தக்காரர் தன்னுடைய பெயரையும் பிறந்த திகதியையும் பதிகிற ஒரு பக்கம் இருந்தது. படங்கள் அழியமுதல் அதையும் எடுத்து வைத்திருந்தேன். என் ஃபோனில் தேடிக் காட்டினேன். நுவன். ஊர் இல்லை, வேறு ஒன்றும் இல்லை. அவன் இப்போது எங்கே, இருக்கிறானா இல்லையா என்று கண்டுபிடிக்க வழி இல்லை. பேணியை மாடத்துக்குள் வைத்துச் செங்கல்லால் மூடிவிட்டுப் போனவன், அதை எடுக்க ஏன் வரவில்லை என்பதும் தெரியாது.

மாலா அக்கா அர்ச்சனைத் தட்டு ஒன்று வாங்கினார். உள்ளே தீபத்தின் முன்னால் நின்ற குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"நுவன்" என்றார் மாலா அக்கா. "நட்சத்திரம் தெரியாது. பிறந்த திகதி இருக்கு. நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேணும்."

நான் ஃபோனை நீட்டினேன். குருக்கள் கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்து வந்து, தூண்டாமணி விளக்கின் கீழே பிடித்துக் கணக்குப் பார்த்து, ஒரு நட்சத்திரத்தைச் சொன்னார். சங்கற்பத்தைத் தொடங்கப் போனவர் நிறுத்தினார்.

"பிள்ளை, இவர் உங்களுக்கு என்ன முறை?"

மாலா அக்கா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"எங்கடை ஐயாவோடை இருந்தவர்" என்றார்.